40 மி.மீ. ஐபீஸிலும் அதே வட்டம்

என்னுடையது 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி, குவியத் தூரம் 1200 மி.மீ. 32 மி.மீ. ப்ளாசல் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லைக் குழல்) தெரிந்த வான வட்டத்தில், கார்த்திகைக் கூட்டத்தின் அட்லஸ், எலெக்ட்ரா நட்சத்திரங்கள் ஓரத்தை ஒட்டியே நின்றன; சுற்றியிருந்த சிறு நட்சத்திரங்கள் வெட்டுப்பட்டன. சரி, பெருக்கம் குறைந்தால் வட்டம் விரியும் என்று 40 மி.மீ. வாங்கினேன். எல்லாம் சிறிதானதே தவிர, அதே நட்சத்திரங்கள்தான் வெட்டுப்பட்டன. வானமும் வெளுத்துப் போனது. கண்ணாடிகளைச் சீரமைத்தேன், கண் வைக்கும் தூரத்தை மாற்றினேன். நான்கு இரவுகள் வீண்.

அப்புறம் தொலைநோக்கியை அசைக்காமல் மின்டகா நட்சத்திரத்தை ஓடவிட்டு நேரம் எடுத்தேன். ஓரியன் இடைவாரில் உள்ள அது வான நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் 4 நிமிடத்துக்கு 1 பாகை நகரும். இரண்டு ஐபீஸிலும் வட்டத்தின் நடுவழியே கடக்க ஏறக்குறைய 5 நிமிடம் 10 நொடி!

ஐபீஸைத் தலைகீழாகப் பிடித்துக் குழலுக்குள் பார்த்தேன். உள்ளே ஒரு கறுப்பு வளையம். வெர்னியர் அளவியில் அதன் உள்விட்டம் இரண்டுக்கும் 27 மி.மீ. வட்டத்தின் அகலத்தைத் தீர்மானிப்பது அதுதான். இரண்டும் 1.25 அங்குலக் குழல்; அதற்குள் வளையத்தைப் பெரிதாக்க இடமே கிடையாது.

என் ஃபோகஸர் (ஐபீஸைப் பொருத்தும் பகுதி) 2 அங்குலக் குழலையும் ஏற்கும். வட்டத்தைக் கண்ணுக்கு 68 பாகை அகலமாகக் காட்டும் 2 அங்குல 30 மி.மீ. ஐபீஸை மாட்டினேன். பெருக்கம் 30லிருந்து 40 ஆகக் கூடியும், வானத்தில் 1.3 பாகையாக இருந்த வட்டம் 1.7 ஆக விரிந்தது. கார்த்திகையைச் சுற்றிலும் கறுப்பு வானம் தெரிகிறது.