கணக்குக் கேள்வித்தாளை வேர்டில் அடிப்பது எப்படி?

பள்ளிக்கூடத்தில் மற்ற பாடக் கேள்வித்தாள்கள் எல்லாம் ஒழுங்காகக் கணினியில் அடித்து வந்துவிடும். கணக்கு மட்டும் பாதி அச்சு, பாதி பேனா. வர்க்கமூலக் குறிக்கு இடம் விட்டு அடித்து, பிரிண்ட் எடுத்த பிறகு கையால் கோடு போட்டு, அதை ஜெராக்ஸ் எடுப்பார்கள். இவ்வளவு பாடு தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் வேர்ட் 2007-ம் அதற்குப் பின் வந்தவையும் ஒரு கணக்கை நாம் வாயால் வாசிக்கும் வரிசையிலேயே அடித்தால் புரிந்துகொள்ளும். குறிகளை மெனுவில் ஒவ்வொன்றாகத் தேடுவதுதான் நேரத்தைத் தின்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

முதலில் தமிழ் விசைப்பலகையை நிறுத்துங்கள்

தமிழ்99 ஆனாலும் ஒலிபெயர்ப்பு முறை ஆனாலும், கணக்கை அடிக்கும்போது விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும்.

பாமினி போன்ற பழைய எழுத்துரு என்றால் சிக்கல் வேறு மாதிரி. அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஆங்கில 'கே' அடித்தால் திரையில் 'ம' வரும். அரைப்புள்ளி அடித்தால் மெய்யெழுத்தின் புள்ளி வரும். ஆகவே கணக்கு வரும் இடத்தில் எழுத்துருவை மாற்றியே ஆக வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் யூனிகோடிலேயே அடித்துப் பழகுவது நல்லது.

சமன்பாட்டுப் பெட்டி

ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சமக்குறியை (=) தட்டுங்கள். ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதற்குள் 3/4 என்று அடித்து ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். மூன்று மேலே, நான்கு கீழே, நடுவில் கோடு என்று பின்னம் தயார். பெட்டிக்குள் ஸ்பேஸ் என்பது இடைவெளி விடுவதற்கு அல்ல, 'அடித்ததை மாற்று' என்ற கட்டளை. இது பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுக்குக்கு ^ குறி. ஷிப்டோடு 6-ஐ அழுத்தினால் வரும். 5^2 அடித்து ஸ்பேஸ் தட்டினால் 5². கீழே வரும் சிறிய எண்ணுக்கு அடிக்கோடு ( _ ). வேலை முடிந்ததும் வலது அம்புக்குறியைத் தட்டிப் பெட்டியை விட்டு வெளியே வாருங்கள்.

எல்லோரும் தடுமாறும் இடம் அடைப்புக்குறிதான். 2^10 என்றால் பத்து முழுவதும் மேலே போகும். ஆனால் 2^3+4 என்றால் மூன்று மட்டும்தான் மேலே போகும். கூட்டல் கீழேயே நின்றுவிடும். இரண்டும் மேலே போக வேண்டுமானால் 2^(3+4) என்று அடியுங்கள். ஸ்பேஸ் தட்டியதும் அந்த அடைப்புக்குறி மறைந்துவிடும். எதுவரை ஒரே துண்டு என்று வேர்டுக்குக் காட்டத்தான் அது. பின்னத்திலும் இப்படித்தான்: (1+2)/3 என்றால் தொகுதியில் 1+2 மட்டும் நிற்கும். அடைப்புக்குறியும் தெரிய வேண்டும் என்றால் ((1+2))/3 என்று இரட்டையாகப் போடுங்கள்.

ஒரு முழுக் கணக்கு

இருபடிச் சமன்பாட்டுத் தீர்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெட்டிக்குள் நீங்கள் எழுத வேண்டிய வரி இது:

(5±√(5^2-24))/2

± குறிக்கு +- என்று அடுத்தடுத்து அடித்தால் போதும், தானே மாறிவிடும். √ குறிக்குப் பின்சாய்வுக்கோடு ( \ ) போட்டு, எஸ், க்யூ, ஆர், டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து, ஸ்பேஸ். உடனே (5^2-24) அடித்து இன்னொரு ஸ்பேஸ். வர்க்கமூலத்தின் கோடு தலைக்கு மேல் நீளும். பிறகு )/2, கடைசியாக ஒரு ஸ்பேஸ். கணக்கு முழுவதும் பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே நிற்கும். (விடை 3, 2. மாணவர்களிடம் சொல்ல வேண்டாம்.)

பின்சாய்வுக்கோடு போட்டுச் சொல்லால் கட்டளையிடும் இந்தப் பழக்கம் டெக்ஸ் என்ற மென்பொருளிலிருந்து வந்தது. கணித நூல்கள் அச்சில் அலங்கோலமாக வருவது பொறுக்காமல் டொனால்ட் நூத் 1970-களின் பிற்பகுதியில் அதை உருவாக்கத் தொடங்கினார். இன்றும் கணித ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் அதன் வழிவந்த லேடெக்கில்தான் எழுதப்படுகின்றன. கல்லூரிப் பக்கம் போகிறவர்கள் அதையும் கற்றுக்கொள்ளலாம். பள்ளிக் கேள்வித்தாளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

இதே பாணியில் பை, தீட்டா, ஆல்ஃபா எல்லாம் வரும்: பின்சாய்வுக்கோடு, ஆங்கிலப் பெயர், ஸ்பேஸ். >= அடித்தால் ≥, <= அடித்தால் ≤, /= அடித்தால் ≠. பத்தாம் வகுப்பு அணிகளுக்குப் பின்சாய்வுக்கோட்டோடு 'மேட்ரிக்ஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்து ஸ்பேஸ் தட்டினால் ஒரு கறுப்புச் சதுரம் வரும். அதை ஒட்டி எண்களை இப்படி அடியுங்கள்:

(■(1&2@3&4))

& நிரல்களைப் பிரிக்கும், @ அடுத்த நிரைக்குப் போகும். வெளியே இருக்கும் அடைப்புக்குறிதான் அணியின் அடைப்பு, அதை மறந்துவிடாதீர்கள்.

ஒற்றைக் குறி மட்டும் வேண்டும் என்றால்

வாக்கியத்தின் நடுவே ஒரு ≤ போடப் பெட்டி திறக்க வேண்டாம். 2264 என்று அடித்து உடனே ஆல்ட் விசையோடு எக்ஸை அழுத்துங்கள். 2265 என்றால் ≥, 2260 என்றால் ≠, 2220 என்றால் ∠, 2234 என்றால் ∴. குறியீட்டுக்கு முன்னால் வேறு எண் ஒட்டியிருக்கக் கூடாது. 5-ஐ ஒட்டி 2264 அடித்தால் வேர்ட் ஐந்து இலக்கத்தையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு குழம்பிவிடும்.

வேர்டுக்கு வெளியே, நோட்பேடிலோ மின்னஞ்சலிலோ, ஆல்ட்டை அழுத்திப் பிடித்தபடி வலப்பக்க எண் பலகையில் 0178 அடித்தால் ², 0179 என்றால் ³, 0215 என்றால் ×, 0247 என்றால் ÷, 0176 என்றால் °. விசைப்பலகையில் 'நம் லாக்' (Num Lock) விளக்கு எரிய வேண்டும். எண் பலகை இல்லாத லேப்டாப்பில் இது நடக்காது.

பெருக்கலுக்கு ஆங்கில எக்ஸையும், பாகைக்கு மேலே தூக்கிய பூஜ்யத்தையும் போடுவது பரவலான வழக்கம். இயற்கணிதக் கேள்வியில் எது பெருக்கல், எது மாறி என்று மாணவர் விழிப்பார். × போடுங்கள்.

வரக்கூடிய தொல்லைகள்

பெட்டியே திறக்கவில்லையா? மேலே 'கம்பாட்டிபிலிட்டி மோடு' என்று இருக்கிறதா பாருங்கள். ஃபைல் பழைய வடிவத்தில் இருக்கிறது. 'சேவ் ஆஸ்' போய் 'வேர்ட் டாக்குமென்ட்' என்று சேமித்தால் சரியாகிவிடும். பழைய கேள்வித்தாளில் உள்ள கணக்கைத் திருத்த முடியவில்லை என்றால், அது பெரும்பாலும் ஈக்வேஷன் எடிட்டர் 3.0-இல் அடித்ததாக இருக்கும். பாதுகாப்புக் கோளாறு காரணமாக மைக்ரோசாஃப்ட் 2018 ஜனவரியில் அதை நீக்கிவிட்டது. புதிதாக அடிப்பதே சுலபம்.

வாக்கியத்தோடு சேர்ந்து வரும் பின்னம் பொடியாகத் தெரியும். அப்போது அந்தக் கணக்கைத் தனி வரியில் போடுங்கள், பெரிதாகும். பெட்டிக்குள் தமிழ்ச் சொற்களை அடிக்காமல், தமிழை வெளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் டாக்ஸில் 'இன்செர்ட்' மெனுவில் 'ஈக்வேஷன்' இருக்கிறது. பின்சாய்வுக்கோட்டுக் கட்டளைகள் பல அங்கேயும் செல்லும்.

அச்சகத்துக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ கொடுக்கும்போது வேர்ட் ஃபைலைக் கொடுக்காதீர்கள். அவர்களிடம் வேறு மென்பொருளோ பழைய வேர்டோ இருந்தால் கணக்கு கலைந்துவிடலாம். 'சேவ் ஆஸ்' போய் பிடிஎஃப் ஆக்கி, ஒருமுறை திறந்து வர்க்கமூலக் கோடுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.