பரீட்சைக் காலையில் வெறுந்தேநீர் மட்டும் போதாது

உயர்தரப் பரீட்சைக்குப் புறப்படும் பிள்ளைகள் சிலர், பதற்றத்தில் சாப்பாடு இறங்கவில்லை என்று கூறி, சீனி கூடிய வெறுந்தேநீர் ஒன்றோடு வீட்டை விட்டுக் கிளம்புவது யாழ்ப்பாணத்தில் புதிதன்று. வெறும் வயிற்றில் குடிக்கும் கடுஞ்சாயத்திலுள்ள கஃபீன், ஏற்கெனவே படபடக்கும் நெஞ்சை மேலும் படபடக்கச் செய்யக்கூடும். அதன் பாதியளவு உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணித்தியாலங்கள் ஆவதால், முதல்நாள் இரவு கண்விழிப்பதற்காகக் குடிக்கும் கோப்பி உறக்கத்தையும் கெடுத்துவிடும். அவித்த பயறும் தேங்காய்ப்பூவும், அல்லது குரக்கன் புட்டும் ஒரு முட்டையும் அளவாகக் கொடுத்தால், அவற்றிலுள்ள நார்ச்சத்தும் புரதமும் சமிபாட்டை மெதுவாக்கிப் பசியையும் அதனால் வரும் எரிச்சலையும் தள்ளிப்போடும். நாள்தோறும் தேநீர் குடித்துப் பழகிய பிள்ளைக்கு அன்று மட்டும் அதை அடியோடு நிறுத்துவதும் தவறு, தலையிடி வரலாம்.