சென்ட் என்ன விலை? பேச உட்காருவதற்கு முன் பார்க்க வேண்டிய பதிவுகள்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் இ-சேவை மையம் நடத்துகிறேன். பட்டா எடுக்க, வில்லங்கம் போட, வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்க என்று வருகிறவர்கள் வேலை முடிந்து கிளம்பும்போது ஒன்று கேட்பார்கள்: "அந்தப் பக்கம் இப்ப சென்ட் என்னக்கா போகுது?" 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் பரமக்குடி–ராமநாதபுரம் நான்குவழிச் சாலைக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிறகு இன்னும் அதிகம்.

நான் விலை சொல்வதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். வெளியூரிலிருந்து வாங்க வருகிறவர் இந்தப் பதிவுகளையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். தங்கச்சிமடத்திலோ பெரியபட்டினத்திலோ பாட்டன் சொத்தை விற்க உட்காரும் குடும்பம் கையில் ஒரு தாள் இல்லாமல், புரோக்கர் சொல்லும் விலையை மட்டும் நம்பிப் பேச்சுக்கு உட்காருகிறது. இரண்டு பேருக்கும் பொதுவான பதிவை ஒருத்தர் மட்டும் பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் ஒன்று. செய்தித்தாளில் வரும் வீட்டு விலைக் குறியீடுகள் நமக்கு உதவாது. தேசிய வீட்டுவசதி வங்கியின் 'ரெசிடெக்ஸ்' 50 நகரங்களுக்கு வருகிறது. அதில் சென்னையும் கோவையும் இருக்கும். ராமேஸ்வரம் இருக்காது. நம் கரைக்கு நாமேதான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நோட்டு, ஒரு கைப்பேசி போதும்.

எல்லையும் அளவும்

ராமேஸ்வரம் என்று மொத்தமாக எடுத்தால் ஒன்றும் புரியாது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இடத்தின் விலையை லாட்ஜ் தொழில் தீர்மானிக்கிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அறை வாடகை எவ்வளவு வரும் என்று பார்த்து வாங்குகிறார்கள். தங்கச்சிமடம் பனங்காட்டுப் பக்கம் குடியிருக்க வாங்குகிறவர் வேறு, மனை போட்டு விற்க வாங்குகிறவர் வேறு. உச்சிப்புளியில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு விலை, அரை கிலோமீட்டர் உள்ளே போனால் வேறு விலை. அதனால் ஒரு வருவாய்க் கிராமத்தில் அடுத்தடுத்த சர்வே எண்களாகப் பத்துப் பதினைந்து எடுத்துக்கொள்ளுங்கள். அரசின் புவியியல் தகவல் தளமான 'டிஎன்ஜிஐஎஸ்' வரைபடத்தில் இடத்தைத் தொட்டாலே சர்வே எண் வரும். இடத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படம், பட்டா, நிலம் என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேடு மூன்றும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் கிடைக்கும்.

பட்டாவில் அளவு ஹெக்டேர்–ஏர் கணக்கில் இருக்கும். 0 - 02.00 என்று இருந்தால் இரண்டு சென்ட் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு ஏர் 100 சதுர மீட்டர். இரண்டு ஏர் என்பது ஏறக்குறைய 4.94 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நோட்டில் எல்லாவற்றையும் சென்டுக்கு மாற்றி எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாது.

வழிகாட்டி மதிப்பு

பதிவுத்துறையின் 'டிஎன்ரெஜிநெட்' தளத்தில் தெரு வாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் கிடைக்கும். விலையைக் குறைத்துக் காட்டி முத்திரைத்தீர்வையைக் குறைத்துவிடக் கூடாது என்பதற்காக அரசு வைத்திருக்கும் தரை மதிப்பு இது. சந்தையில் போகும் விலை இது இல்லை. ஆனாலும் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துகொள்ள உதவும்.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது கவனமாக இருங்கள். 2012-இல் மதிப்பு மாறியது. 2017 ஜூனில் மாநிலம் முழுக்க 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்கே திரும்பிப் போய்ப் பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். 2024 ஜூலையில் மறுபடி திருத்தம். 67 ரூபாய் 100 ஆகும்போது ஏற்றம் கிட்டத்தட்ட 49 சதவீதம். 2022-இல் பதிந்த பத்திரத்தையும் 2023-இல் பதிந்ததையும் பக்கத்தில் வைத்து "ஒரே வருசத்தில் பாதிக்குப் பாதி ஏறிடுச்சு" என்று யாராவது காட்டினால், ஏறியது அரசின் தரை மதிப்பாகத்தான் இருக்கும்.

வில்லங்கத்தைப் படிக்கிற விதம்

ஒரு சர்வே எண்ணில் பதிவான பத்திரங்களின் பட்டியல்தான் வில்லங்கச் சான்று. எல்லோரும் அதைக் 'கடன் இருக்கிறதா' என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கரையின் மனைச் சந்தையைப் பற்றி இதைவிட நேர்மையாகப் பேசும் காகிதம் கிடையாது. 'டிஎன்ரெஜிநெட்' தளத்தில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றளித்த பிரதி வேண்டுமென்றால்தான் பணம். கிராமம், சர்வே எண், தொடக்க நாள், முடிவு நாள் கொடுங்கள். பத்து வருடத்துக்குப் போடுங்கள்.

ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண், ஆண்டு, தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, முந்தைய ஆவண எண், விஸ்தீர்ணம், நான்கு எல்லை எல்லாம் இருக்கும். முதலில் 'தன்மை'யைப் பாருங்கள். கிரயத்தை மட்டும் தனியாக எடுங்கள். செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எல்லாம் குடும்பத்துக்குள் நடப்பவை. அதில் உள்ள தொகையை வைத்து விலை பார்க்காதீர்கள். ஆனால் அவற்றை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. அம்மாவிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று வீடு போய்க்கொண்டிருக்கும் தெருவில் கிரயமே அபூர்வம். அங்கே ஒரு வீடு விலைக்கு வந்தால் பக்கத்துத் தெரு விலை அதற்குப் பொருந்தாது.

அப்புறம் தொகை. கிரயப் பதிவுகளில் கைமாற்றுத் தொகையும் சந்தை மதிப்பும் பெரும்பாலும் ஒரே எண்ணாக இருக்கும், அதுவும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே இருக்கும். கையில் கொடுத்தது எவ்வளவு என்று பத்திரம் சொல்லாது. அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை, அதே மனைக்கு அடுத்து வரும் பதிவைப் பாருங்கள்.

கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். 1,200 சதுர அடி மனை, அதாவது சுமார் 2.75 சென்ட். கிரயத் தொகை 3,60,000. இரண்டு வாரம் கழித்து அதே மனைக்குப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கிய பதிவு, தொகை 9,00,000. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. அப்படியானால் வங்கியின் மதிப்பீட்டாளர் அதைக் குறைந்தது 10 லட்சம் என்று எழுதியிருக்க வேண்டும். பத்திரப்படி சென்ட் 1.31 லட்சம், வங்கிக் கணக்குப்படி 3.6 லட்சத்துக்கு மேல். உண்மையான சந்தை விலையைப் பத்திர எண்ணைவிட வங்கி எண்தான் கிட்டத்தில் காட்டும். ஒரு எச்சரிக்கை: அந்தக் கடன் வீடு கட்ட வாங்கியதாகவும் இருக்கலாம், அப்போது கட்டடச் செலவும் அதில் சேர்ந்திருக்கும். சொத்து விவரத்தில் கட்டடம் என்று இருக்கிறதா, காலி மனை என்று இருக்கிறதா என்று பார்த்து, காலி மனைக்கான பதிவுகளை மட்டும் நம்புங்கள். ஒன்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தப் பத்துப் பதினைந்து சர்வே எண்ணிலும் இப்படி நாலைந்து ஜோடி கிடைத்தால் கை ஓங்கும்.

தொகையைவிட நான் பெரிதாக நினைப்பது எண்ணிக்கையையும் வேகத்தையும். ஆண்டுவாரியாகக் கிரயம் எத்தனை என்று கோடு போட்டு எண்ணுங்கள். தொகையைக் குறைத்துக் காட்டலாம்; பத்திரம் பதிந்ததை மறைக்க முடியாது. முந்தைய ஆவண எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் அதே மனை எத்தனை மாதத்தில் மறுபடி கைமாறியது என்று தெரியும். ஒரு வருடத்துக்குள் இரண்டு மூன்று முறை மாறினால் அங்கே குடியிருக்க யாரும் வாங்கவில்லை, ஏற்றி விற்கத்தான் வாங்குகிறார்கள். கிரய ஒப்பந்தம் நிறைய, கிரயம் கொஞ்சம் என்றால் பேச்சு நடக்கிறது, பணம் வரவில்லை. ஒரே பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரங்கள் வரிசையாக விழுந்தால் யாரோ மனைப்பிரிவு போடத் தயாராகிறார்கள். பாலம் வந்ததால் இடம் பறக்கிறது என்கிறார்களா? 2025 ஏப்ரலுக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தையும் பிந்தைய பன்னிரண்டு மாதத்தையும் எண்ணிப் பாருங்கள், விடை உங்கள் நோட்டிலேயே இருக்கும்.

போன மழைக்காலத்தில் தங்கச்சிமடத்து அக்கா ஒருவர் வந்தார். "ரோட்டுல இருந்து உள்ள இருக்கு, தண்ணி உப்பு, இதுக்கு மேல யாரும் தர மாட்டாங்கன்னு சொல்றாங்க தங்கச்சி" என்றார். அவர் இடத்துக்கு மேற்கே ஒட்டியுள்ள இரண்டு சர்வே எண்களுக்கு வில்லங்கம் போட்டோம். பொது அதிகாரப் பத்திரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, எல்லாம் ஒரே நபருக்கு. அக்காவின் நிலம் இல்லாமல் அந்த மனைப்பிரிவுக்குச் சாலை எட்டாது என்பது புலப்படத்தைப் பக்கத்தில் வைத்ததும் தெரிந்துவிட்டது. அக்கா அன்றைக்கு விற்கவில்லை. அந்தத் தாளை மடித்துச் சேலையில் செருகிக்கொண்டு போனார்.

வரவு எவ்வளவு

மனை எவ்வளவு சந்தைக்கு வருகிறது என்பதற்கு இரண்டு இடம் உண்டு. நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகார மனைப்பிரிவுகள் ஒன்று. மற்றது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் 'ரெரா' தளம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு அலகுக்கு மேற்பட்ட திட்டங்கள் அதில் பதிவாக வேண்டும். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் எத்தனை மனை, எப்போது முடிக்க வேண்டும் என்று இருக்கும். அங்கீகாரம் இல்லாத மனையில் 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்றதா, பின்னா என்பது முக்கியம். அங்கீகாரம் இல்லாததைப் பின்னால் முறைப்படுத்தும் வரன்முறைக்கு அந்த நாள்தான் கோடு. மனை நூறு வந்து கிரயம் பத்து நடந்தால் பேரம் வாங்குகிறவர் பக்கம்.

வங்கி ஏல அறிவிப்புகளையும் பாருங்கள். 'பாங்க்நெட்' தளத்தில் ஊர் வாரியாகத் தேடலாம். ஏலத்தின் தொடக்க விலை ஒரு மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்த எண்ணை ஒட்டியது. ஆள் வராமல் அதே சொத்து குறைந்த விலைக்கு இரண்டாம், மூன்றாம் முறை ஏலத்துக்கு வந்தால் அந்தத் தெருவின் அடிமட்ட விலை அங்கே தெரியும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில் சொந்த வீடு, வாடகை வீடு, காலி வீடு, கூரை வகை எல்லாம் நகர வாரியாக உண்டு. பழையது, இருந்தாலும் அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம். வாடகைக்குப் பொதுப் பதிவு என்று சொல்லத்தக்கது நம் பக்கம் இல்லை. நடந்துபோய்க் கேட்டால்தான் உண்டு.

கடல் பக்கத்துக்கு மட்டும் உள்ளவை

கடல் தெரியும் மனை என்று சொன்னாலே இரண்டு மடங்கு சொல்வார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 2011 அறிவிக்கைப்படி ஊரகக் கடற்கரையில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. 100-க்கும் 200-க்கும் இடையில் மீனவர் குடியிருப்புக்கு விலக்கு உண்டு. 2019 அறிவிக்கை இந்தத் தூரங்களில் சிலவற்றை மாற்றியது. கடலோர மண்டல வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எந்தக் கோட்டுக்குள் விழுகிறது, அந்த வரைபடம் எந்த அறிவிக்கைக்கு உரியது என்று இரண்டையும் பாருங்கள். கட்டவே முடியாத இடத்துக்குக் கட்டுமனை விலை கொடுப்பது வயிற்றெரிச்சல். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்கு என்ன ஆனது என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

'அ' பதிவேட்டில் வகைப்பாட்டைப் படியுங்கள். ஊரணி, கண்மாய், புறம்போக்கு என்று இருந்தால் விலையே பேச வேண்டாம். கோயில் நிலமா, வக்ஃபு நிலமா என்பது இந்த மாவட்டத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியது. நெடுஞ்சாலை ஓரம் என்றால் நிலம் எடுக்கும் அரசிதழ் அறிவிக்கையில் சர்வே எண்கள் வரிசையாக இருக்கும். உங்கள் எண் அதில் இருக்கிறதா, பக்கத்து எண் இருக்கிறதா என்பதைப் பொறுத்து விலை அடியோடு மாறும்.

தண்ணீருக்கும் விலை உண்டு. மணல் மேட்டில் மேலாக நல்ல தண்ணீர் நிற்கும், ஆழமாகப் போனால் உப்பாகிவிடும் என்பது தீவில் எல்லோருக்கும் தெரியும். நேரில் போய்ப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் போவது நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் சர்வே எண் சர்வே எண்ணாகப் போட்டு எண்ண முடியவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சார்பதிவாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். "கிராமவாரியாகத் தொகுத்துத் தாருங்கள்" என்று கேட்டால் அப்படி ஒரு தொகுப்பு எங்களிடம் இல்லை என்று பதில் வரலாம். அதனால் இப்படி எழுதுங்கள்: "2023 ஜனவரி முதல் இன்று வரை இந்த அலுவலகம் மேலிடத்துக்கு அனுப்பிய மாதாந்திர அறிக்கைகளில், பதிவான ஆவணங்களின் எண்ணிக்கையைக் காட்டும் பக்கங்களின் நகல்." கையெழுத்து, தேதி, முழு முகவரி போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.