அசாஸுகே: உப்பை எடை போட்டால் பாதி வேலை முடிந்தது

ஜப்பானிய வீட்டுச் சாப்பாடு எவ்வளவு எளிமையாக இருந்தாலும், சோற்றுக்கும் மிசோ சூப்புக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊறிய காய்கறி கொஞ்சம் இருக்கும். இப்படி ஊறவைத்துச் சாப்பிடும் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ட்சுகெமோனோ. அதில் பல வகை உண்டு. உமெபோஷி என்ற பழ ஊறுகாயில் பழைய முறைப்படி பழத்தின் எடையில் 18 முதல் 20 சதவீதம் உப்பு சேரும். அது வருடக்கணக்கில் கெடாது. தவிட்டில் புதைத்து வைக்கும் நுகாஸுகேக்குத் தினமும் தவிட்டைக் கிளறிவிட வேண்டும். இவற்றோடு ஒப்பிட்டால் அசாஸுகே மிகச் சுலபம். 'அசாய்' என்றால் ஆழமில்லாதது. மேலோட்டமாக ஊறியது என்பதுதான் பெயரின் பொருள். காலையில் போட்டு மதியம் சாப்பிடலாம், சில காய்களை அரை மணி நேரத்திலேயே சாப்பிடலாம். ஓரிரவு ஊறினால் இச்சியாஸுகே என்று சொல்வார்கள். 'இச்சியா' என்றால் ஓரிரவு.

நமக்கு ஊறுகாய் என்றதும் எண்ணெய், மிளகாய்த்தூள், வெயில், ஜாடி எல்லாம் நினைவுக்கு வரும். அதை மறந்துவிட்டு இதைத் தொடங்குங்கள். இது வருஷத்துக்கு வைத்துக்கொள்ளும் பண்டம் இல்லை. பச்சைக்காயின் ருசி அப்படியே இருக்க வேண்டும், கூடவே உப்பு மெல்லியதாக ஏறியிருக்க வேண்டும், கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். இந்த மூன்றும் அமைந்துவிட்டால் அன்றைய சாப்பாட்டில் முதலில் காலியாவது இந்தக் கிண்ணம்தான்.

முதலில் தராசு

இந்தச் செய்முறையில் நான் பிடிவாதமாக இருப்பது ஒரே விஷயத்தில்தான்: உப்பைக் கைக்கணக்கில் போடாதீர்கள். குழம்பில் உப்பு கூடினால் சரிசெய்ய நூறு வழி இருக்கிறது. இங்கே காயும் உப்பும் மட்டும்தான், மறைக்க எதுவும் இல்லை. நான் முதல் மூன்று தடவையும் கண்ணளவில் போட்டேன். ஒரு தடவை வாயில் வைக்க முடியாத உப்பு, மறு தடவை தண்ணீரே விடாமல் வெறும் பச்சைக்காய். தராசு வாங்கிய பிறகு ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

கணக்கு இதுதான்: நறுக்கிய காயின் எடையில் 2 சதவீதம் உப்பு. 500 கிராம் காய்க்கு 10 கிராம், 350 கிராமுக்கு 7 கிராம். ராத்திரி போட்டு மறுநாள் சாப்பிடுவதாகவும் காய் கொஞ்சம் பெரிய துண்டாகவும் இருந்தால் 3 சதவீதம் வரை போகலாம். தராசு இல்லாதவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: தூளுப்பை ஒரு டீஸ்பூனில் தலைதட்டி எடுத்தால் சுமார் 6 கிராம் வரும். அது 300 கிராம் காய்க்குச் சரி. கல்லுப்பு என்றால் கரண்டிக்குள் இடைவெளி விழுவதால் எடை குறையும். அதனால் பொடித்து எடை போடுவதே நல்லது.

உப்பு உள்ளே என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் படிகள் தானாகப் புரியும். காயின் செல்களுக்குள் நீர் நிறைந்திருக்கிறது. வெளியே உப்பு பட்டதும் அந்த நீர் உப்பு இருக்கும் பக்கம் கசிந்து வருகிறது. காய் விறைப்பு தளர்ந்து வளையத் தொடங்குகிறது, வெளியே சேர்ந்த நீரில் உப்பு கரைந்து எல்லாத் துண்டுக்கும் சமமாகப் பரவுகிறது. நாம் தனியாகத் தண்ணீரே ஊற்றுவதில்லை, காய் தன் நீரிலேயே ஊறுகிறது.

என்னென்ன வேண்டும்

ஜப்பானில் இதற்கு அதிகம் எடுப்பது ஹகுசாய். நம் கடைகளில் சீன முட்டைகோஸ் என்று விற்கும் நீள்வாட்ட கோஸ் அதுதான். வெள்ளரி, வெள்ளை முள்ளங்கி, டர்னிப், கேரட், கத்திரிக்காய் எல்லாமும் போடுவார்கள். முதல் தடவைக்கு நான் சொல்லும் அளவு:

சீன முட்டைகோஸ் 200 கிராம் (சாதாரண முட்டைகோஸும் சரி)
பிஞ்சு வெள்ளரி 150 கிராம்
வெள்ளை முள்ளங்கி 100 கிராம்
கேரட் 50 கிராம்
உப்பு 10 கிராம்
கோம்பு கடற்பாசி, 5 சென்டிமீட்டர் துண்டு ஒன்று
காய்ந்த மிளகாய் ஒன்று, விதை நீக்கியது
இஞ்சி, தோல் சீவி நூலாக நறுக்கியது ஒரு டீஸ்பூன்

கோம்பு என்பது தட்டையாகக் காயவைத்த கடற்பாசி. ஜப்பானிய மளிகைப் பொருள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. இதன் சுவைக்குக் காரணம் என்ன என்று தேடித்தான் தோக்கியோவில் கிகுனே இகெதா என்ற வேதியியல் பேராசிரியர் 1908இல் குளுட்டமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தவரும் அவரே. அடுத்த ஆண்டே அது அஜினோமோட்டோவாகக் கடைக்கு வந்தது. ஆகவே கோம்பு கிடைக்காவிட்டால் ஒரு சிட்டிகை அஜினோமோட்டோ போடலாம், ஜப்பானிய வீடுகளிலும் அப்படிப் போடுவதுண்டு. இரண்டும் இல்லாமலும் அசாஸுகே வரும். ஆனால் கோம்பு சேர்த்ததையும் சேர்க்காததையும் அடுத்தடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும், அதனால் ஒரு பொட்டலம் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன். கோம்பில் அயோடின் மிக அதிகம். தைராய்டு சிக்கல் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

செய்யலாம் வாங்க

கோஸ் இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் இரு பக்கமும் தேய்த்துக் கழுவுங்கள். முழுதாகக் கழுவினால் அடியில் ஒட்டிய மண் போகாது. மற்ற காய்களையும் அப்படியே கழுவி, தண்ணீரை வடித்துத் துடைத்துவிடுங்கள்.

வெள்ளரிக்கு மட்டும் ஒரு தனி வேலை இருக்கிறது. இரண்டு முனையையும் வெட்டிவிட்டு, பலகையில் கொஞ்சம் உப்பைத் தூவி, அதன் மேல் வெள்ளரியை உள்ளங்கையால் அழுத்தி உருட்ட வேண்டும். இதற்கு இதாஸுரி என்று பெயர், பலகையில் தேய்ப்பது என்று பொருள். தோலில் உள்ள சொரசொரப்பு போகும், பச்சை நிறம் பளிச்சென்று வரும், தோல் லேசாகக் கீறப்படுவதால் உப்பும் சீக்கிரம் இறங்கும். உருட்டி முடித்ததும் அந்த உப்பைக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் நம் 2 சதவீதக் கணக்கு கெட்டுவிடும். முனையைக் கொஞ்சம் கடித்துப் பாருங்கள். கசந்தால் அந்த வெள்ளரியை ஒதுக்கிவிடுங்கள், கசப்பை உப்பு எடுக்காது.

இனி நறுக்குவது. முள்ளங்கியை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, குறுக்கே 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனத்துக்கு நறுக்குங்கள். கால் வட்டமாக வரும் இந்த வடிவத்தை ஜப்பானியர்கள் இச்சோகிரி என்கிறார்கள், கிங்கோ மரத்தின் இலை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். வெள்ளரி கொஞ்சம் தடிமனாக, 4 அல்லது 5 மில்லிமீட்டர் இருக்கட்டும். மெல்லிசாகச் சீவினால் துவண்டு போகும். கேரட் கடினமான காய், அதைத் தீக்குச்சி போல நறுக்க வேண்டும். கோஸ் இலை 3 சென்டிமீட்டர் சதுரம் போதும், தண்டுப் பகுதி அதைவிடச் சன்னமாக இருக்கட்டும். சாதாரண முட்டைகோஸ் என்றால் நடு நரம்பை வெட்டி எடுத்துவிடுங்கள். ஊறும் நேரம் காய்க்குக் காய் வேறு, அதைக் கத்தியால்தான் சமப்படுத்த முடியும்.

எல்லாவற்றையும் இப்போது சேர்த்து எடை போட்டு, அதற்கான உப்பை அளந்து எடுங்கள்.

கோம்பைக் கழுவ வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். கத்தரிக்கோலால் நூல் நூலாக வெட்டிக்கொள்ளுங்கள். மிளகாயையும் வளையம் வளையமாக வெட்டுங்கள். இங்கே மிளகாய் காரத்துக்காக இல்லை, வாசனைக்கும் நிறத்துக்கும்தான், அதனால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அகலமான பாத்திரத்தில் காயைப் போட்டு உப்பைத் தூவி, அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டி ஒரு நிமிடம் மெதுவாகப் பிசையுங்கள். அழுத்திக் கசக்கக் கூடாது. காயின் மேல் வியர்த்தது போல ஈரம் தெரிந்ததும் கோம்பு, மிளகாய், இஞ்சி சேர்த்து ஒரு கலக்கு கலக்கி, ஜிப் வைத்த புதுப் பையில் போட்டு, காற்றை முழுவதும் அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். அந்தக் காலத்தில் மரத்தொட்டியில் காயை அடுக்கி மேலே கனமான கல்லை வைப்பார்கள். ட்சுகெமோனோ இஷி என்று அந்தக் கல்லுக்கே தனிப் பெயர் உண்டு. இப்போது திருகி அழுத்தும் சின்ன பிளாஸ்டிக் டப்பா வந்துவிட்டது. நமக்குப் பையே போதும். பையைத் தட்டையாகப் பரப்பி, மேலே ஒரு தட்டும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் வைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

வெள்ளரி மட்டும் போட்டிருந்தால் 30 நிமிடம், முள்ளங்கிக்கு ஒரு மணி நேரம், இந்தக் கலவைக்கு இரண்டு மணி நேரம். கடிகாரத்தைவிடக் கேரட்டை நம்புங்கள்: ஒரு குச்சியை எடுத்து வளைத்தால் உடையாமல் வளைய வேண்டும், கடித்தால் நறுக்கென்று சத்தம் வர வேண்டும். பையில் இரண்டு மூன்று ஸ்பூன் நீர் தேங்கியிருக்கும். கோம்பினால் அந்த நீர் கொஞ்சம் கொழகொழப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும்.

சுத்தம் பற்றி ஒரு பேச்சு

இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். 2012 ஆகஸ்டில் ஹொக்கைதோவில் ஒரு தொழிற்கூடத்தில் தயாரான ஹகுசாய் அசாஸுகேயைச் சாப்பிட்ட 169 பேர் ஓ157 என்ற கிருமியால் பாதிக்கப்பட்டார்கள், 8 பேர் இறந்தார்கள். அதன் பிறகு ஜப்பானிய அரசு அசாஸுகே தயாரிப்பவர்களுக்கான சுகாதார விதிகளை இறுக்கியது. காரணம் எளிது. இதில் உப்பு குறைவு, புளிப்பு இல்லை, அடுப்பும் இல்லை. கிருமியைக் கொல்ல இந்த ஊறுகாய்க்குள் எதுவும் கிடையாது. அதனால் கை, கத்தி, பலகை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவியதாக இருக்க வேண்டும். இறைச்சி வெட்டிய பலகை கூடவே கூடாது. ஊறுவது முழுக்க ஃப்ரிட்ஜுக்குள்தான், சமையல் மேடையில் இல்லை. இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள், பையில் மிஞ்சும் நீரை அடுத்த முறைக்கு எடுத்து வைக்காதீர்கள். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடுவதாக இருந்தால், நறுக்கிய காயைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, ஆறவைத்து, வடித்த பிறகு எடை போட்டு உப்பிடுங்கள். மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

பரிமாறும்போது

சாப்பிடும் நேரத்துக்குத்தான் பிழிய வேண்டும். சுத்தமான கையில் ஒரு பிடி எடுத்து, நீர் சொட்டுவது நிற்கும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். உப்பு கூடுதலாகத் தெரிந்தால் குடிக்கும் தண்ணீரில் ஒரு அலசு அலசிப் பிழிந்தால் போதும். மேலே வறுத்த எள், அல்லது யுசு என்ற எலுமிச்சை வகையின் தோலைச் சன்னமாக நறுக்கித் தூவுவார்கள். நம்மிடம் உள்ள எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் துருவிப் போட்டாலும் மணக்கும். சோயா சாஸ் இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம்.

இது கைவந்ததும் ஒற்றைக்காயில் செய்து பாருங்கள். வெள்ளரியை நறுக்காமல் உருட்டுக்கட்டையால் தட்டிப் பிளந்து, கையால் பிய்த்து, உப்போடு கொஞ்சம் நல்லெண்ணெய் சேர்த்து 20 நிமிடம் வைத்தால் அது வேறொரு ருசி. ஜப்பானிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது, அதன் வாசம் இன்னும் தூக்கலாக இருக்கும். கத்திரிக்காயைப் பொறுத்தவரை, ஒசாகாவின் தெற்கே சென்ஷு பகுதியில் விளையும் மிஸுநாசு மாதிரி நீர் நிறைந்த, கசப்பில்லாத ரகம் கிடைத்தால்தான் பச்சையாக ஊறவைப்பது நன்றாக இருக்கும். அதைக் கத்தி படாமல் கையால் கிழித்துச் சாப்பிடுவார்கள். நம் ஊர்க் கத்திரிக்காயில் அதை முயல வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டாம் நாள் மாலைக்குள் தீராமல் ஒரு பிடி மிஞ்சினால், நன்றாகப் பிழிந்து பொடியாக நறுக்கி, சூடான எண்ணெயில் வதக்கி, முட்டையும் பழைய சோறும் சேர்த்துப் பிரட்டி எடுங்கள். உப்பு தனியாகப் போட வேண்டாம், காயில் இருப்பதே அந்தச் சோற்றுக்குப் போதும்.