கிணற்றடி நிழலில் பெரணி வளர்க்க

வெயில் எட்டிப்பார்க்காத கொல்லைச் சந்து, கிணற்றடி, குழாயடிச் சுவரோரம். ரோஜாவும் செம்பருத்தியும் பூக்க மறுக்கும் இந்த இடங்கள்தான் பெரணி (ஃபெர்ன்) செடிக்குத் தோது.

ஆனால் ஈரம் வேறு, தண்ணீர் தேங்குவது வேறு. நடப்போகும் இடத்தில் ஓரடிக் குழி எடுத்து மாலையில் தண்ணீர் நிரப்புங்கள். காலையிலும் வற்றாமல் நின்றால், உடைசெங்கல் பரப்பி அரையடி மேடு கட்டித்தான் நடவேண்டும். துவைகல்லிலிருந்து சோப்புத் தண்ணீர் ஓடும் வழி என்றால் அந்த இடமே வேண்டாம்.

மண்கலவை: இலைமட்கு 2 பங்கு; செம்மண், ஆற்றுமணல், தேங்காய் நார்த்தூள் தலா 1 பங்கு. நார்த்தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். பச்சைச் சாணம் போட்டால் வேர் வெந்துவிடும்.

முதல் செடியாக வாள் பெரணியோ பாஸ்டன் பெரணியோ வாங்குங்கள். கறுப்புக் காம்பும் கொத்தமல்லி போன்ற இலையுமாக மயக்கும் மெய்டன்ஹேர் இப்போது வேண்டாம். ஒருநாள் மண் காய்ந்தாலே அது அப்பளம் மாதிரி முறுகிவிடும்.

பலர் கோட்டைவிடுவது நடும் ஆழத்தில். காம்புகள் ஒன்றுகூடும் இடத்தில் பழுப்புச் செதில் மூடிய தலை ஒன்று தெரியும். குருத்து சுருண்டு கிளம்புவது அங்கிருந்துதான். அது மண்மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கட்டும். செடி ஆடுகிறதே என்று மண் அணைத்தால், அடுத்த மழையில் குருத்து கறுத்துக் கொழகொழத்துவிடும். ஆடினால் பக்கத்தில் கல்லை முட்டுக்கொடுங்கள். செடிக்குச் செடி ஒன்றரை அடி.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி கருகும். மழைநீர் நல்லது, ஏசியில் சொட்டும் தண்ணீரும் ஆகும். பறவைக்கூடு பெரணி வைத்திருந்தால் அதன் நடுக்குழியில் ஊற்றாமல் சுற்றிலும் ஊற்றுங்கள்.

இலையின் அடியில் பழுப்புப் பொட்டுகளைப் பார்த்ததும் பூச்சிமருந்தைத் தேடாதீர்கள். நடுநரம்பின் இருபுறமும் தையல் போட்டதுபோல் சீராக இருந்தால் அவை பெரணி பெருக உதவும் வித்துகளின் (ஸ்போர்) கொத்துகள். செதில்பூச்சி என்றால் காம்பிலும் கண்டபடி ஒட்டியிருக்கும், இலை பிசுபிசுக்கும்.

வாள் பெரணியின் வேரில் தொங்கும் உருண்டைகளும் நோயல்ல, தண்ணீர் சேமிக்கும் கிழங்குகள். அந்தச் செடி ஓடுதண்டு விட்டுப் பரவும். பாத்தியைச் சுற்றிச் செங்கல் புதைக்காவிட்டால் நடைபாதையிலும் முளைக்கும்.