ரெஃபரன்ஸ் மேசையில் உட்காரப் போகிறவர்களுக்கு

கல்லூரி நூலகத்தில் உங்களை ரெஃபரன்ஸ் மேசைக்கு, அதாவது வாசகர்கள் கேட்பதைத் தேடிக் கொடுக்க உதவும் மேசைக்குப் போட்டிருக்கிறார்கள் என்றால், ஒன்றை மட்டும் முதல் நாளே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மாணவர்கள் வந்தவுடன் கேட்பது பெரும்பாலும் பாதிக் கேள்விதான், மீதியை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

"மேடம், எகனாமிக்ஸ் புக் எங்க இருக்கு?" என்று ஒரு மாணவி வந்து நிற்கிறாள். "330, அந்த ரேக்" என்று கை காட்டினால் நம் வேலை முடிந்துவிடும், அவள் வேலை முடியாது. "எதுக்கும்மா, அசைன்மென்ட்டா ப்ராஜெக்ட்டா? தலைப்பு என்ன? எப்போ கொடுக்கணும்?" என்று கேளுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்கள், கடைசி வருட ப்ராஜெக்ட், அடுத்த வாரம் முதல் அத்தியாயம் காட்டணும் என்று ஒவ்வொன்றாக வரும். இப்போதுதான் உண்மையான கேள்வி கிடைத்திருக்கிறது. புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி வகைப்பாட்டில் இந்தத் தலைப்பு ஒரே இடத்தில் இருக்காது. வங்கி, கடன் எல்லாம் 332, கூட்டுறவு 334, பெண்கள் பற்றியது 305.4, ஊரக வளர்ச்சி 307. இந்த நம்பர்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை விவசாய, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 1992-ல்தான் தொடங்கியது, அதனால் அதற்கு முந்தைய புத்தகங்களில் இதைத் தேடி நேரம் போக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். நபார்டின் நுண்நிதி அறிக்கை ஆண்டுதோறும் வருகிறது, இணையத்திலேயே கிடைக்கும்.

அப்புறம், எழுந்து ரேக் வரைக்கும் கூடப் போங்கள். முதலாண்டு மாணவர்கள் பலருக்குப் பள்ளியில் சரியான நூலகமே இருந்திருக்காது, புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணை எப்படிப் படிப்பது என்று கேட்கவும் கூச்சப்படுவார்கள். 332.1-க்கு அப்புறம்தான் 332.4 வரும் என்று ஒரு தடவை விரல் வைத்துக் காட்டினால் அடுத்த முறை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகங்களுக்குத் தந்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. இந்த மேசைக்கு அதைவிடப் பொருத்தமான விதி எனக்குத் தெரிந்து கிடையாது.

கேட்லாக்கில் "இல்லை" என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். தமிழ்ப் பெயர்களை ஆளாளுக்கு ஒரு மாதிரி ஏற்றியிருப்பார்கள். உ.வே.சா. ஒருவரையே எடுத்துக்கொள்ளுங்கள்: சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாத ஐயர், இது போக ஆங்கில எழுத்தில் நாலைந்து விதம். இனிஷியலுக்குப் பின் புள்ளி உண்டா, இடைவெளி உண்டா என்பதில்கூட கோஹா என்ற நூலக மென்பொருளில் தேடல் முடிவு மாறிப் போகலாம். ஆசிரியர் பெயரை விட்டுவிட்டுத் தலைப்பில் ஒரே ஒரு சொல்லைப் போட்டுத் தேடுவது நல்லது. கேட்லாக்கில் இருந்தும் ரேக்கில் காணோமா? இரண்டு பக்கத்து ரேக்குகள், வாசிப்பு மேசை, திரும்பி வந்து இன்னும் அடுக்காமல் கிடக்கிற புத்தகங்கள், இந்த வரிசையில் பாருங்கள்.

ஆராய்ச்சி மாணவர்கள் வந்தால் ஷோத்கங்கா இணையதளத்தைத் திறந்து காட்டுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அதில் இயல் இயலாகத் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். எல்லோரும் முதல் இயலை இறக்கிக்கொண்டு போய்விடுவார்கள், நான் நூற்பட்டியல் கோப்பை முதலில் திறக்கச் சொல்வேன், ஏனென்றால் அந்தத் தலைப்பில் ஏற்கனவே ஒருவர் வருடக்கணக்கில் தேடிச் சேர்த்தது அத்தனையும் அங்கே இருக்கிறது. மின் இதழ்களும் மின்நூல்களும் தரும் என்-லிஸ்ட் வேறு மாதிரி, அதற்குக் கல்லூரி உறுப்பினராக இருந்து ஒவ்வொருவருக்கும் யூசர் ஐடி வாங்கிக் கொடுக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. பழைய தமிழ் நூல் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். பழைய இதழ்கள் வேண்டும் என்றால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, கிளம்புவதற்கு முன் போன் செய்து கேட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். ஏஐ கொடுத்த புத்தகப் பட்டியலோடு வருகிறார்கள், அதில் சிலது உலகத்திலேயே இல்லாத புத்தகம். திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து ஐஎஸ்பிஎன் என்னும் புத்தக அடையாள எண்ணைத் தேடிப் பாருங்கள், கட்டுரை என்றால் அந்த இதழின் அந்தத் தொகுதியைத் திறந்து சொன்ன பக்கத்தில் அது இருக்கிறதா என்று சேர்ந்தே பாருங்கள். சரிபார்க்க ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும், அடுத்த பட்டியலை அவர்களே சலித்துவிடுவார்கள்.

சில கேள்விகளில் ரொம்பக் கவனம் வேண்டும். விவாகரத்துச் சட்டம், கருக்கலைப்பு, மனச்சோர்வு என்று யாராவது தயங்கித் தயங்கிக் கேட்டால் "உனக்கா?" என்று கேட்கவே கூடாது. குரலைத் தாழ்த்தி, இடத்தைக் காட்டி, தேவைப்பட்டால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். யார் என்ன கேட்டார் என்பதை ஸ்டாஃப் ரூமில் பேசாதீர்கள், அது துறைத்தலைவரே வந்து கேட்டாலும் சரி.

மேசையில் ஒரு நோட்டு இருக்கட்டும். பெயர் வேண்டாம், தேதி, கேள்வி, பதில் எங்கே கிடைத்தது, அவ்வளவு போதும். பதில் கிடைக்காத கேள்விகளைத் தனியாகக் குறித்து வையுங்கள், அடுத்த வருடம் புத்தகம் வாங்கப் பட்டியல் போடும்போது அந்தப் பக்கத்தைத்தான் நூலகரிடம் முதலில் நீட்ட வேண்டும்.