ஆத்தங்குடி டைல்ஸை ருவாண்டாவுக்கு அனுப்பும் முன்

ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் ஓட்டல் கட்டுகிறவர் ஆத்தங்குடி டைல்ஸுக்கு விலை கேட்கிறார் என்று வையுங்கள். உடனே ருவாண்டாவுக்கென்று தனி இறக்குமதி வரியைத் தேடாதீர்கள். அந்த நாடு 2007ல் கிழக்கு ஆப்பிரிக்க சமூகத்தில் சேர்ந்து, 2009ல் அதன் சுங்க ஒன்றியத்துக்குள் வந்துவிட்டது; வெளியாருக்கான வரி கென்யா, உகாண்டா, தான்சானியாவோடு பொது. மூலப்பொருளுக்கு 0, பாதி முடிந்ததற்கு 10, முழுப் பொருளுக்கு 25 சதவீதம். 2022 ஜூலையிலிருந்து சில சரக்குக்கு 35. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போன நம் செட்டிநாட்டு ஐயாக்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, 1937 வரை அது பிரிட்டிஷ் இந்தியாவிலேயே இருந்தது.

முதலில் அந்தப் பொது வரிப் புத்தகத்தில் சரக்கின் எச்.எஸ். எண்ணை, அதாவது சுங்கத்துக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண்ணைப் பாருங்கள். நான் சூடுபட்டது இங்கேதான். நம் டைல்ஸ் சூளைக்கே போவதில்லை. கண்ணாடி மேல் சாயச் சிமெண்ட்டை ஊற்றி, மணலும் சிமெண்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுகிற சரக்கு, அதனால் 6810, அதாவது சிமெண்ட் சரக்கு. என் ஏஜெண்ட் டைல்ஸ் என்ற பெயரைப் பார்த்து 6907, அதாவது பீங்கான் என்று எழுதிவிட்டார். பீங்கான் 35 சதவீதப் பட்டியலில் இருக்கிறது. கணக்கைப் பார்த்த கிகாலிக்காரர் ஒரு வாரம் போனே எடுக்கவில்லை.

அடுத்து, ஜூன் கடைசியில் வரும் அந்தச் சமூகத்தின் கெஜட். பொது வரி ஒத்துவராத பொருளுக்கு உறுப்பு நாடு ஓராண்டு விலக்குக் கேட்டு வாங்கலாம்; சின்ன நாட்டுக்கு மிஞ்சியிருக்கும் சுதந்திரம் பெரும்பாலும் இவ்வளவுதான், ஆகவே போன வருஷத் தாளை நம்பாதீர்கள்.

கூட்டாகச் சேர்ந்தால் பலம் என்பார்கள், சரி. 2016ல் பழைய துணி இறக்குமதியை ஒழிக்கக் கூட்டாகத்தான் முடிவெடுத்தார்கள். அமெரிக்கா முறைத்ததும் மற்ற மூவரும் பின்வாங்க, ருவாண்டா மட்டும் நின்றது. 2018ல் அதன் ஆயத்த ஆடைக்கு அமெரிக்காவில் இருந்த வரிச்சலுகை போனது.

போட்டியையும் பாருங்கள். கென்யாவில் செய்த டைல்ஸ், பூர்வீக விதிக்கு, அதாவது சரக்கு அங்கேயே உருவானதுதானா என்று பார்க்கும் விதிக்குப் பொருந்தினால், வரியில்லாமல் கிகாலிக்குள் வரும். உங்களுடையது கென்யாவின் மொம்பாசா துறைமுகத்திலோ தான்சானியாவின் தார் எஸ் சலாமிலோ இறங்கி லாரி ஏற வேண்டும், ருவாண்டாவுக்குக் கடல் கிடையாது. 2014லிருந்து ஒரே சுங்கப் பகுதி என்பதால் சரக்கு துறைமுகத்தில் இருக்கும்போதே ருவாண்டாவுக்கு வரி கட்டிவிடலாம். வாங்குபவர் பணத்தோடு தயாரா என்று கப்பல் ஏற்றும் முன்பே கேளுங்கள், தாமதமானால் கண்டெய்னர் வாடகை ஓடும்.

வரி போடுவது சரக்கு விலையோடு கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்த்த தொகைக்கு. நம் கல்லோ கனம், கப்பல் கூலி ஏறினால் வரியும் ஏறும். ஓட்டல் முழுக்கப் பாவுகிற ஆர்டரை விட, வரவேற்பு அறைக்கு மட்டும் பூ டிசைனும் பார்டரும் என்று பேசிப் பாருங்கள்.